காகம் எடுக்காத சோறு

இதிலை இரும் பிள்ளை. அது வேண்டாம், அந்தக் கதிரை ஆடும், போன கிழமை நான் இருந்து பார்த்தனான். இதிலை இரும். மணி அடிக்க நேரம் கிடக்குது. அடிச்சாப்போலை ரீச்சர் வந்து இந்தக் கதவைத் திறப்பா, அப்ப உள்ளுக்குப் போவம்.

நீர்தானே எனக்கு மொழிபெயர்க்க வந்த பிள்ளை? ஓம், ரீச்சர் சொன்னவ, தமிழ்ப் பிள்ளை ஒண்டு வருமெண்டு. கொம்மா எந்த ஊர்? வேலணையோ? வேலணை கிழக்கோ மேற்கோ? தெரியாதோ. சரி விடும், இஞ்சை பிறந்ததுகளுக்கு அதெல்லாம் எங்கை. எனக்குப் பருத்தித்துறை. பரிபூரணம் எண்டு பேர். என்ரை மனிசன் தபால் கந்தோரிலை இருந்தவர். வேலணையிலையிருந்து ஒரு வாத்தியார் எங்கடை வீட்டுக்கு வாறவர், நல்லெண்ணெய் கொண்டுவந்து தருவார், அந்த எண்ணெயின்ரை வாசம் இப்பவும்... உமக்கு அவரைத் தெரிஞ்சிராது. அவர் செத்தும் எவ்வளவு காலம்.

ஒண்டை முதல்லையே சொல்லிப்போடுறன், கோவிக்கக் கூடாது. எனக்கு மொழிபெயர்க்கிற ஆக்களிலை நம்பிக்கை இல்லை. உம்மைப் பார்த்துச் சொல்லேல்லை. உம்மடை முகம் நல்ல முகம். ஆனால் அவனுக்கும் நல்ல முகம்தான். அந்தப் பெடியனுக்கு. அவன் ஒருத்தன் கூட்டிச் சொன்னதாலைதான் ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கையே போனது. அதைத்தான் இண்டைக்கு உள்ளுக்குப் போய்ச் சொல்லப் போறன். அந்தப் பிள்ளையளுக்கு நான் ஒரு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டனான்.

என்ன மறுமொழியோ? சொல்லுறன், பொறும்.

இந்த ரீச்சர் ஹன்னாவை உமக்குத் தெரியுமோ? உக்ரேன் பக்கத்து ஆக்கள். அவவின்ரை பாட்டன்காரனையும் வந்த நேரம் ஒரு முகாமிலை அடைச்சு வைச்சவையாம். அதுதான் அவ சரித்திரத்தைப் புத்தகத்திலையிருந்து படிப்பிக்கிறேல்லை. இந்த நாட்டுக்கு வந்து அடைபட்டுக் கிடந்த சனத்தின்ரை கதையளைத் தேடி எடுக்கிறா. வகுப்பிலை நடுவிலை ஒரு கதிரை போட்டிருக்குது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆளின்ரை கதையை எடுத்து அந்தக் கதிரையிலை வந்து இருக்கவேணும். இருந்து, ‘நான்’ எண்டு கதைக்கவேணும். ஒரு பெடியன் வந்து இருந்து, நான் பஞ்சாபிலையிருந்து வந்தனான், எங்கடை கப்பலைக் கரைக்கு விடாமல் திருப்பி அனுப்பினவை எண்டான். ஒரு பெட்டை, நான் யப்பான்காரி, சண்டை நேரம் என்னைக் குதிரை கட்டுற கொட்டிலிலை வைச்சிருந்தவை எண்டாள். தலை நிறையச் சுருட்டை மயிர், ஆபிரிக்கப் பிள்ளை, யப்பான்காரி எண்டு சொல்லுது. எனக்குச் சிரிப்பு வந்தது. பேந்து சிரிப்பு வரேல்லை. அந்தக் கதிரையிலை இருந்து ‘நான்’ எண்டு சொன்னவுடனை அதுகளின்ரை குரல் மாறுது பிள்ளை. என்னெண்டு மாறுதோ தெரியாது.

என்ரை பேத்தி அக்சயா இந்த வகுப்புத்தான். அவள்தான் ரீச்சருக்குச் சொன்னவள், என்ரை அப்பம்மாவும் கப்பலிலை வந்து மறியலிலை இருந்தவ எண்டு. நான் மறியலிலை இருந்தனான் எண்டு சொல்லாதை, அது மறியல் இல்லை, விசாரிக்கும்வரை வைச்சிருந்தவை எண்டு சொல்லு எண்டனான். கதவு பூட்டினவையோ அப்பம்மா எண்டாள். ஓம் எண்டன். அப்ப மறியல்தான் எண்டாள். வாய்க்காரி. என்ரை வாய்.

போன கிழமை அவள்தான் மொழிபெயர்த்தவள். இந்தக் கிழமை மாட்டன் எண்டிட்டாள். ஏன் எண்டு கேட்டன், என்னாலை ஏலாது அப்பம்மா எண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்திப்போட்டாள். என்னோடை கதைக்கிறாளில்லை. சாப்பாட்டையும் அறைக்குள்ளை கொண்டு போறாள். நான் என்ன செய்தனான்? இந்தச் சேலையைக் கட்டி, அதுக்குக் கீழை இந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தது அவளுக்கு வெக்கமாய்ப் போச்சாக்கும். பனிக்குள்ளை செருப்பே போடுறது? காலமை காலமை அவள்தான் எனக்குத் தலை இழுத்து விடுறவள். எனக்கு இந்தத் தோள்மூட்டு மேலை எழும்பாது. இந்தக் கிழமை முழுக்க நானே இழுத்தனான். பின்னலைப் பாரும், கோணல்தானே? அதை விட்டிட்டு வாறன்.

கப்பல். கப்பலைப் பற்றிப் பெரிசாய்ச் சொல்ல என்ன கிடக்குது. சனம், கப்பல் ஆட்டத்திலை சத்தி, தண்ணிக்குச் சண்டை. கப்பல் எடுக்கிறதுக்கு முதல் தாய்லாந்திலை ஒரு வீட்டிலை வைச்சிருந்தவை. அங்கைதான் வதனியைக் கண்டது. வன்னிப் பெட்டை. மெல்லிசு. ஆரோடையும் கதைக்க மாட்டாள், மூலைக்குள்ளை காலை மடிச்சுக் குந்திக்கொண்டு இருப்பாள். ஏஜென்சிக்காரன் சொன்னான், இவள் தனிப் பெட்டை, தனிய வாற பெட்டையளைத்தான் அவை குடைஞ்சு குடைஞ்சு கேப்பினம், இயக்கமோ எண்டு பாப்பினம், அன்ரி, நீங்கள் இவளை உங்கடை மகளெண்டு சொல்லுங்கோ, உங்களுக்கும் ஒரு துணை எண்டு. எனக்கு ஒரே ஒரு மகன், கேதீஸ், அவன் அப்பவே இஞ்சை. மகள் இல்லை. சரியெண்டன். ஒரு பொய்தானே. கோயிலிலை சத்தியம் பண்ணச் சொல்லேல்லையே.

அவளுக்கு அம்மா எண்டு கூப்பிட வாய் வராது பிள்ளை. நான் பழக்கினனான். கப்பலிலை ஆக்களுக்கு முன்னாலை வேணுமெண்டு கூப்பிடச் சொல்லுவன். தண்ணி வேணுமோ எண்டு கேள் எண்டுவன். தண்ணி வேணுமோ... எண்டு இழுப்பாள், அம்மா வராது. பேந்து ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அண்டைக்குத் தானாய் வந்தது. அதுக்குப் பிறகு நிறுத்தேல்லை. அம்மா எழும்புங்கோ, அம்மா இதைக் குடியுங்கோ, அம்மா கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ. ஓம், அதையும் சொல்லுவாள். என்ரை மனிசனும் அப்பிடித்தான். பரிபூரணம், உன்னட்டை ஒண்டைச் சொன்னால் ரேடியோவிலை வாசிச்ச மாதிரி எண்டுவார். தபால் கந்தோரிலை இருந்த மனிசன், ஒட்டின கடிதம் மாதிரி இருக்கிறவர். அவருக்கு ஆர் கதைச்சாலும் கூடத்தான்.

எங்கடை ஒழுங்கையிலை செல்லமுத்தர் எண்டு ஒருத்தர். அவற்றை மகளின்ரை கலியாணம் குழம்பினது என்னாலையெண்டு இண்டைக்கும் சொல்லுறவை இருக்கினம். நான் என்ன சொன்னனான்? மாப்பிள்ளையின்ரை தாய் கிணத்தடிக்கு வந்து விசாரிச்சவ. தங்கமான பிள்ளை, எத்தினையோ பேர் வந்து பார்த்திட்டுப் போச்சினம், செவ்வாய்க் குற்றம் எண்டு ஒருத்தரும் எடுக்கினமில்லை, நீங்களெண்டாலும் எடுங்கோ, புண்ணியம் கிடைக்கும் எண்டனான். இதிலை என்ன பிழை? அவை சாதகத்திலை செவ்வாயை மாத்தி எழுதிக் குடுத்தது எனக்குத் தெரியுமே? நல்லதுக்குத்தான் சொன்னது. நீர் என்ன பிள்ளை சிரிக்கிறீர்.

சரி. வந்து இறங்கினவுடனை ஆம்பிளையளை ஒரு பக்கம், பொம்பிளையளை ஒரு பக்கம். என்னையும் வதனியையும் தாயும் மகளும் எண்டு ஒரே அறையிலை விட்டவை. நல்ல மெத்தை. சூடான தண்ணி. ஆனால் யன்னல் திறக்க ஏலாது. வதனி காலமை எழும்பினவுடனை எனக்குப் பின்னாலை வந்து இருந்து தலை இழுத்துப் பின்னி விடுவாள். இறுக்கிப் பின்னுவாள், நோகும். நொந்தால்தான் அம்மா பின்னல் பின்னேரம்வரை நிக்கும் எண்டுவாள். அவளின்ரை தாய்க்கும் அப்பிடித்தான் பின்னிறவளாம்.

தாய் வன்னியிலை கடைசிச் சண்டைக்குள்ளை செத்தது. செல் விழுந்தது. இவள் ஓடினவள். ஓடு எண்டு தாய்தான் சொன்னதாம். தாயைப் போட்டது போட்ட இடம். எரிச்சதோ தாட்டதோ ஒண்டும் தெரியாது. எந்த நாள் எண்டும் தெரியாது பிள்ளை, அந்த நேரம் ஆருக்கு நாள் தெரியும்? நாள் தெரிஞ்சால்தானே திதி பார்க்கலாம், திதி தெரிஞ்சால்தானே திவசம் குடுக்கலாம். அவளுக்குக் கிடந்தது ஒரே ஒரு நாள்தான், சித்திரைப் பறுவம், சித்திரை முழு நிலா நாள். உம்மடை வீட்டிலை அந்த விரதம் பிடிக்கிறவையோ? கொம்மா பிடிக்கிறவ எண்டால் உம்மடை அம்மம்மா செத்திட்டா எண்டு அர்த்தம். தாய் உயிரோடை இருக்கிறவை அந்த விரதம் பிடிக்கக் கூடாது, பிடிச்சால் தாய்க்குக் கூடாது. தாய் இல்லாத ஆக்கள் மட்டும்தான். தாய்க்கு விருப்பமானதைச் சமைச்சு, படைச்சு, காகத்துக்கு வைச்சு, காகம் எடுத்தாப் பிறகுதான் வாயிலை வைக்கிறது. காகம் எடுத்தால் தாய் எடுத்தது.

மாரி முழுக்க அங்கை கிடந்து, சித்திரை வந்திட்டுது. கோயில் ஆக்கள் எங்களைப் பார்க்க வாறவை, அவைதான் பறுவம் எண்டைக்கெண்டு சொன்னவை. அண்டைக்குக் காலமை தட்டு வந்தது, வதனி தொடேல்லை. நானும் தொடேல்லை, எனக்கும் தாய் இல்லைத்தானே. மத்தியானத் தட்டிலை சோறும் கரட்டும் இறைச்சியும். இறைச்சி படாத பக்கத்தாலை கொஞ்சச் சோறை எடுத்துக் கடுதாசியிலை சுத்தி மடிக்குள்ளை ஒளிச்சாள். நடக்க விடுற முத்தம் ஒண்டு இருக்குது, சுத்திவர மதில், மேலை மட்டும் வானம். அங்கை மூலைக்குள்ளை சோத்தை வைச்சிட்டு, கா கா எண்டு கூப்பிட்டாள். மெதுவாய்த்தான் கூப்பிட்டவள், காவல்காரி பார்க்கிறாள் எண்டு. காகம் வரேல்லை. வந்தது கடற்பறவை. வெள்ளை, பெரிய சொண்டு. மூண்டு நாலு வந்து ஒண்டை ஒண்டு கொத்தி, சோத்தைச் சிதறிப்போட்டுப் போச்சுதுகள்.

அது பறவைதானே பிள்ளை, சாப்பிட்டதுதானே, நீ சாப்பிடு எண்டன். நான் சாப்பிட்டிட்டன். அவள் மாட்டன் எண்டாள். அது அம்மா இல்லை எண்டாள். அம்மா எடுக்கேல்லை எண்டாள். அடுத்த நாளும் சோறு கொண்டு போனாள். வெள்ளைப் பறவைதான். அதுக்கு அடுத்த நாளும். தண்ணி மட்டும் குடிச்சாள். இன்னொண்டு சொல்ல மறந்துபோனன். பறுவத்துக்குப் பிறகு அவள் என்னை அம்மா எண்டு கூப்பிடேல்லை. அறைக்குள்ளை ஒருத்தரும் இல்லாத நேரம் அன்ரி எண்டாள்.

இவை என்ன நினைச்சிச்சினம் எண்டால், உண்ணாவிரதம் எண்டு நினைச்சிட்டினம். போராட்டம். ஒண்டு தொடங்கினால் எல்லாரும் தொடங்குவினம் எண்ட பயம் அவைக்கு. தாதி வந்தா, நிறை பார்த்தா, மேலதிகாரி வந்தா. பக்கத்து அறையிலை இருந்த ஒருத்தி எனக்குச் சொன்னாள், இன்னும் சாப்பிடாட்டி மூக்காலை குழாய் விட்டு வயித்துக்குள்ளை ஊத்துவினமாம் அக்கா எண்டு. அந்த மெல்லிசுப் பிள்ளைக்குக் குழாயோ? நான் போய்ச் சொல்லுறன் எண்டு வெளிக்கிட்டன். வதனி என்ரை கையைப் பிடிச்சாள். வேண்டாம், ஒண்டும் சொல்லாதேங்கோ, காகம் வரும், பொறுங்கோ, நீங்கள் சும்மா இருங்கோ எண்டாள். சும்மா இருக்கிறதோ? சின்னப் பிள்ளை, அவளுக்கென்ன விளங்கும். தாய் எண்டு ஒருத்தி பக்கத்திலை இருந்துகொண்டு சும்மா இருக்கலாமே?

விசாரிக்கிற அறையிலை ஒரு மஞ்சள் தலைமயிர்க்காரி, அதிகாரி. பக்கத்திலை இந்தப் பெடியன். மொழிபெயர்க்கிற பெடியன். கண்ணாடி போட்டு, நெத்தியிலை இலேசாய் ஒரு திருநீற்றுக் கீறு. பார்த்தவுடனை எனக்கு உயிர் வந்தது. எந்த ஊர் தம்பி எண்டன். அம்மா, நான் உங்களோடை கதைக்கக் கூடாது, கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ எண்டான். கரவெட்டிக் கதை, எனக்குத் தெரியாதே? கரவெட்டி தானே தம்பி எண்டன். தலையைக் குனிஞ்சான். அப்ப கரவெட்டிதான். எங்கடை பெடியன்தான் எண்டு மனம் ஆறிச்சுது.

அவனுக்கு எல்லாத்தையும் வடிவாய்ச் சொன்னன். இது போராட்டமில்லைத் தம்பி. அவளின்ரை தாய் செத்துப்போச்சு, பாவம், வன்னியிலை. திதி தெரியாது. அதுதான் பறுவத்துக்கு விரதம் பிடிக்கிறாள். காகம் எடுக்காததாலை இன்னும் முடிக்கேல்லை. நீர் எங்கடை ஆள், உமக்கு விளங்கும், இவைக்கு விளங்கப்படுத்தும் எண்டன்.

அவன் சொல்லேல்லை. என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் எண்டு நினைக்கிறீர். மஞ்சள் தலைமயிர்க்காரி பேனையைத் தட்டுறாள், என்ன சொல்லுறா, என்ன சொல்லுறா எண்டு. அவன் என்னைப் பார்த்து, அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ, இதையும் சொல்லவோ எண்டான். பாரும், கரவெட்டிப் பெடியனுக்குத் தமிழ் விளங்கேல்லை! நான் திருப்பிச் சொன்னன், இன்னும் ஆறுதலாய், ஒவ்வொண்டாய். சொல்லும் தம்பி, அப்பிடியே சொல்லும், ஒண்டையும் விட்டிடாதையும் எண்டன்.

சொன்னான். சொல்லேக்கை மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மஞ்சள் தலைமயிர்க்காரி எழுதினாள். எழுதி முடிச்சிட்டுச் சிரிச்சு, எனக்கு நன்றி சொல்லி, கோப்பி வேணுமோ எண்டு கேட்டு ஊத்தித் தந்தாள். சீனி கூட. சரி, விளங்கீட்டுது, குழாய் விட மாட்டினம் எண்டு நான் சந்தோசமாய் வந்தன். நினைச்ச மாதிரித்தான், குழாய் விடேல்லை. அதை நான் ஆருக்கும் சொல்லுவன், என்ரை வாயாலைதான் அந்தப் பிள்ளைக்குக் குழாய் விடேல்லை.

ஆனால் அடுத்த நாள் காலமை வதனியை வேறை பக்கத்துக்கு மாத்த வந்தினம். நீ ஆர், உன்ரை உண்மையான தாய் ஆர், ஏன் பொய் சொன்னனீ எண்டு கேள்வி தொடங்கீட்டுது. அவள் என்ரை மகள் இல்லையெண்டு தெரிஞ்சிட்டுது. ஆரோ சொல்லிப்போட்டினம். கப்பலிலை வந்த ஆக்களிலை எரிச்சல்காரர் இருந்தவை. பக்கத்து அறைக்காரியைத்தான் முதல்லை நினைச்சனான். அவளைக் கண்டபடி ஏசிப்போட்டன், அவள் பிள்ளையாரைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள். பேந்துதான் எனக்கு ஓடி வெளிச்சது, அந்தப் பெடியன். என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டானே, அப்ப மனதுக்குள்ளை ஏதோ கணக்குப் போட்டிருக்கிறான். நான் சொன்னதோடை தானும் ஒண்டைக் கூட்டிச் சொல்லிப்போட்டான். நான் சொன்னதிலை அப்பிடி என்ன கிடந்தது? மகளில்லை எண்டு நான் ஒரு சொல்லுச் சொன்னனானே? சொல்லேல்லை. நீரே கேட்டுக்கொண்டுதானே இருந்தனீர்.

ஏன் பிள்ளை, தண்ணி குடிக்கிறீரோ? முகம் ஒரு மாதிரிப் போகுது. சாப்பிடாமல் வந்தனீரோ?

மாத்த வந்தவை வெளியிலை நிக்க, அவள் அவையைப் பொறுக்கச் சொல்லிப்போட்டு எனக்குப் பின்னாலை வந்து இருந்தாள். சீப்பை எடுத்தாள். தலை இழுத்தாள். அண்டைக்குப் பின்னினது மாதிரி இறுக்கி ஒரு நாளும் பின்னினதில்லை, கண்ணாலை தண்ணி வந்தது எனக்கு. முடிச்சுப்போட்டு, சீப்பை என்ரை மடியிலை வைச்சாள். அன்ரி, இனித் தலை நீங்கள்தான் இழுக்கவேணும் எண்டாள். அவ்வளவுதான். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேப்பாள் எண்டு பார்த்தன்... இல்லை, அவள் ஏன் அப்பிடிக் கேக்கவேணும்? நான் என்ன செய்தனான்? சும்மா சொல்லுறன். போட்டு வாறன் எண்டெண்டாலும் சொல்லியிருக்கலாம் எண்டு சொல்ல வந்தனான்.

அண்டைக்குப் பின்னேரம் முத்தத்துக்குப் போனன். முதல் நாள் அவள் வைச்ச சோறு ஈரத்திலை ஊறி மூலைக்குள்ளை கொஞ்சம் கிடந்தது. மதிலிலை காகம்.

ஓம் பிள்ளை, காகம். எங்கடை ஊர்க் காகத்துக்குக் கழுத்திலை சாம்பல். இது முழுக் கறுப்பு, பெரிசு. இறங்கி வந்து, என்னைப் பார்த்துப் பார்த்துத் திண்டுது. ஒரு பருக்கை விடேல்லை. வதனி, காகம் வந்திட்டுது, அம்மா வந்திட்டா, இனிச் சாப்பிடு எண்டு நான் குளறினன். அவள் எந்தக் கட்டடத்திலை எண்டு ஆருக்குத் தெரியும். காவல்காரி வந்து என்ரை தோளிலை தட்டி உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போட்டாள்.

என்னை விட்டிட்டினம். வயசுபோன மனிசி, ஏஜென்சி சொல்லிக் குடுத்ததைச் சொல்லியிருக்கிறா, மகன் இருக்கிறான் எண்டு விட்டிட்டினம். கேதீஸ் வந்து கூட்டிக்கொண்டு வந்தவன். வதனிக்கு ஆர் இருக்கினம்? ஆளே ஆரெண்டு தெரியாது, தாய் எண்டு சொன்னவள் தாய் இல்லை, மிச்சம் சொன்னதை என்னெண்டு நம்பிறது எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். பிளேனாலை இறங்கினவள் எண்டு தெரியும். கொழும்பிலை கண்ட ஆள் ஒண்டு சொன்னது. இறங்கின இடத்திலை விசாரிக்கவெண்டு ஆரோ கூட்டிக்கொண்டு போனவையாம். அதுக்குப் பிறகு இல்லை. கேதீஸ் எத்தினை இடத்திலை கேட்டுப் பார்த்தான். பேந்து அவனும் விட்டிட்டான். அம்மா, பழசைக் கிண்டாதேங்கோ எண்டுறான்.

நான் கிண்டிறேல்லைப் பிள்ளை. அவள்தான் விடுறாளில்லை.

சித்திரைப் பறுவத்துக்கு என்ரை அம்மாவுக்குப் படைக்கிறனான். பல்கணியிலை ஒரு தட்டிலை காகத்துக்கு வைப்பன். வதனிக்கும் வைக்கிறதோ? வைச்சால் அவள் செத்திட்டாள் எண்டு நானே சொன்ன மாதிரி. வைக்காட்டி, செத்திருந்தால், பசியோடை நிப்பாள். அவளுக்குப் பசி கிடந்து பழக்கம்தான், அதுக்காக? ஒவ்வொரு வருசமும் சோத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். ஒரு காகம் வரும். முழுக் கறுப்பு. அம்மான்ரை தட்டிலை வாய் வைக்காது. கம்பியிலை இருந்து என்ரை கையைப் பார்க்கும். இந்தக் கிழமை பறுவம் இல்லாமலே வருது. யன்னல் சீலையை இழுத்து விட்டிட்டன். சீலைக்கு அங்காலை நிழல் தெரியுது.

பேந்து, தலை இழுக்கேக்கை. நான் சொன்னன்தானே, என்ரை தோள் எழும்பாது, கை பின்னுக்குப் போகாது எண்டு. இந்தக் கிழமை என்னெண்டு பின்னினனான் எண்டு யோசிச்சுப் பார்த்தன். மேலுக்கு நான் தொடங்கினது தெரியும். கீழை ஆர் முடிஞ்சது? கோணல்தான், ஆனால் இறுக்கம். தொட்டுப் பாரும். பயப்பிடாமல் தொட்டுப் பாரும் பிள்ளை. நோகுது.

போன கிழமை என்ன நடந்தது எண்டால், நான் இவ்வளவையும் சொல்லி முடிக்க, லின் எண்டு ஒரு பிள்ளை, வியற்நாம்காரப் பிள்ளை, அதின்ரை அம்மம்மாவும் கப்பலிலை வந்தவவாம், அது எழும்பி வந்து வதனிக்காக அந்தக் கதிரையிலை இருந்தது. ரீச்சரின்ரை ஒழுங்கு, கதிரையிலை இருக்கிற ஆள் கடைசியிலை ஒரு கேள்வி கேக்கலாம். அந்தப் பிள்ளை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, காலை மடிச்சுக் குந்திச்சுது. நான் அப்பிடி இருக்கச் சொல்லேல்லை. வதனி அப்பிடித்தான் இருக்கிறவள் எண்டு அங்கை நான் சொல்லவுமில்லை. இருந்து, என்னைப் பார்த்து, ‘அம்மா’ எண்டு தமிழிலை கூப்பிட்டுது. அக்சயா சொல்லிக் குடுத்திருப்பாள். இல்லாட்டி என்னெண்டு தெரியும்? மிச்சத்தை இங்கிலிசிலை கேட்டுது. அக்சயா மொழிபெயர்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டாள். சொல்லன் பிள்ளை எண்டன். அவளுக்குக் காது எல்லாம் சிவந்துபோய்க் கிடந்தது. அப்பம்மா, நான் உங்கடை மகள் இல்லையெண்டு அவைக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கிறா எண்டாள்.

நான் வாயைத் திறக்க மணி அடிச்சிட்டுது.

முழுக் கிழமையும் எனக்கு அதுதான். ஆர் சொன்னது. ஆர் சொன்னது. கேத்தில் கொதிக்கிற சத்தத்துக்குள்ளையும் அதுதான். அதுதான் இண்டைக்கு வந்தனான். வதனிக்கு முன்னாலை, அந்தக் கதிரைக்கு முன்னாலை நிண்டு, நடந்ததை நடந்தபடி, விரதத்திலையிருந்து, நான் அந்த அறையிலை சொன்ன ஒவ்வொரு சொல்லையும் சொல்லப்போறன். நான் இதைத்தான் சொன்னனான், மிச்சத்தை அந்தப் பெடியன்தான் கூட்டினவன், பாருங்கோ பிள்ளையள், நீங்களே சொல்லுங்கோ எண்டு கேக்கப்போறன். சின்னப் பிள்ளையள், பொய் சொல்லாதுகள். மறுமொழியைக் கேட்டால் அவள் என்ரை தலையை விட்டிடுவாள் எண்டு நினைக்கிறன்.

அந்தா மணி. ரீச்சர் வாறா. பையை எடும். என்ரை பின்னல் தோளுக்கு முன்னாலை வந்திட்டுதோ? நான் எடுத்து விடேல்லையே.

என்ன? என்ன கேக்கிறீர் பிள்ளை?

இதையும் சொல்லவோ எண்டோ?

...அவனும் இதைத்தான் கேட்டவன். இதே மாதிரிக் குரலைத் தாழ்த்தி. இதே மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு.

கதவைத் திறந்திட்டா. கதிரையிலை அந்தப் பிள்ளை முதல்லையே வந்து குந்தியிருக்குது, பாரும், காலை மடிச்சுக்கொண்டு. வாரும் பிள்ளை. என்ரை கையைப் பிடியும். அவனுக்குச் சொன்னதைத்தான் உமக்கும் சொல்லுறன். அப்பிடியே சொல்லும். ஒண்டையும் விட்டிடாதையும்.